வாயைக் கட்டாதவர்கள்

எங்கள் குடும்ப வாட்சாப் குழுவில் ஒரு நாளைக்குக் குறைந்தது மூன்று பேராவது நூறு வயது வரை வாழ வழி சொல்லிவிடுகிறார்கள். காலையில் வெறும் வயிற்றில் வெந்தயத் தண்ணீர் என்பார் அத்தை. கம்பு, கேழ்வரகு, பழைய சோறு என்று முன்னோர் காலத்துக்கே திரும்பச் சொல்வார் பெரியப்பா. ஜோகூரில் இருக்கும் அத்தை மகன் சோற்றை விட்டு இரண்டு வருடமாகிறது. முட்டையும் கோழியுமாக வாழ்கிறான். அவன் அனுப்புவதெல்லாம் பிரையன் ஜான்சன் என்ற அமெரிக்கப் பணக்காரரின் காணொளிகள். முதுமையைத் தள்ளிப்போட ஆண்டுக்கு இருபது லட்சம் டாலர் செலவு செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் மனிதர் அவர். மூவரும் ஒருவர் சொல்வதை இன்னொருவர் ஏற்பதில்லை. ஆனால் விவாதம் முற்றினால் மூன்று பேருமே சாட்சிக்கு ஒரே ஆளைத்தான் இழுப்பார்கள். என் பாட்டியை.

பாட்டிக்கு ஐசியின்படி 94 வயது. இரண்டு கண்ணிலும் புரை அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. காது மந்தம். மற்றபடி தன் வெங்காயத்தைத் தானே உரிப்பார், தன் துணியைத் தானே அலசுவார். பெரியப்பாவைக் கேட்டால், “அந்தக் காலத்துக் கிழங்குதான் அம்மாவைக் காப்பாத்துது” என்பார். அத்தைக்கு, விடியற்காலை பெரட்டுக்குப் போய் மலைமலையாக ஏறி இறங்கிப் பால் வெட்டிய நடைதான் காரணம். அத்தை மகனுக்கோ அது இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங். பாட்டி தோட்டத்தில் ஒரு நாளைக்கு இரண்டு வேளைதான் சாப்பிட்டார்களாம். அதை அவன் பாட்டியிடமே கத்திச் சொல்லி விளக்கினான். பாட்டி கேட்டார்: “சாப்பிட இல்லாம கெடந்ததுக்கு இப்ப பேரு வேற வெச்சிருக்கீங்களாய்யா?”

உண்மையில் பாட்டி மரவள்ளிக்கிழங்கைக் கையால் தொடமாட்டார். ஜப்பான்காரன் காலத்தில் மூன்றரை ஆண்டு அதையே தின்று, அவித்த வாசனை வந்தாலே எழுந்து போய்விடுவார். அவருக்குப் பிடித்தது டின் பால் ஊற்றிய தேத்தண்ணி, அதில் முக்கி எடுத்த பிஸ்கட், கொஞ்சம் கருவாடு. இந்தப் பட்டியலை யாரும் குழுவில் பகிர்வதில்லை.

94 என்பதும் ஒரு கணக்குத்தான். 1948-இல் அவசரகாலத்தின்போது அடையாள அட்டைக்குப் பதிவு தொடங்கியபோது, தோட்டத்துக் கிராணி பாட்டியை மேலும் கீழும் பார்த்து 1931 என்று எழுதினாராம். தேதி, சனவரி 1. பாட்டியின் அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம், ‘பால் வெல விழுந்து ஆளுங்கள ஊருக்குக் கப்பல் ஏத்துன வருசம்’ என்பது மட்டும். பொருளாதார மந்தத்தில் தமிழ்த் தொழிலாளர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பியது 1930-இலிருந்து இரண்டு மூன்று ஆண்டு நடந்தது. ஆக, பாட்டியின் வயதில் ஓரிரண்டு முன்பின் இருக்கலாம்.

உலகப் புகழ்பெற்ற முதியவர்கள் விஷயத்திலும் இதே கேள்வியை ஒருவர் கேட்டிருக்கிறார். ஜப்பானின் ஒக்கினாவா, இத்தாலியின் சார்டினியா, கிரேக்கத்தின் இக்காரியா போன்ற இடங்களை ‘நீல மண்டலங்கள்’ என்கிறார்கள். நூறு வயதுக்காரர்கள் நிறைந்த ஊர்கள் என்று பெயர். நெட்ஃபிளிக்ஸ் தொடரில் 2023-இல் நம் பக்கத்து வீடான சிங்கப்பூரையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டார்கள். சால் நியூமன் என்ற ஆய்வாளர் இந்தப் புள்ளிவிவரங்களின் அடிப்பகுதியைத் தோண்டினார். அமெரிக்க மாநிலங்களில் பிறப்புச் சான்றிதழ் முறையாக வந்த பிறகு, 110 வயதைத் தாண்டியவர்களின் எண்ணிக்கை 69 முதல் 82 விழுக்காடு வரை விழுந்திருப்பதைக் காட்டினார். 2024-இல் அவருக்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது. ஜப்பானில் 2010-இல் தோக்கியோவின் மிக வயதான ஆண் என்று பதிவில் இருந்தவரை வாழ்த்தப் போன அதிகாரிகள், அவர் முப்பது ஆண்டுக்கு முன்பே இறந்து, உடல் வீட்டிலேயே காய்ந்து கிடந்ததைக் கண்டார்கள். நாடு முழுக்கத் தேடியபோது பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்த நூறு வயதுக்காரர்கள் இரண்டு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல். நீல மண்டலக்காரர்கள் நியூமனை ஏற்கவில்லை. ஒவ்வொரு வயதையும் சரிபார்த்தோம் என்கிறார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை.

அந்தச் சண்டையில் யார் வென்றாலும் எனக்குப் பெரிதாக மாறப்போவதில்லை. பாட்டி 92-ஆக இருந்தாலும் நீண்ட ஆயுள்தான். என்னை உறுத்துவது வேறு. பாட்டியோடு பிறந்தவர்கள் எட்டுப் பேர். அதே லயம், அதே கிணறு, அதே கிழங்கு, அதே நடை. நான்கு பேர் பத்து வயதைத் தாண்டவில்லை. மூத்த அண்ணனைச் சயாம் ரயில்பாதை போடப் பிடித்துப் போனார்கள், திரும்பவில்லை. இன்னொருவர் மலேரியாவில் போனார். பாட்டிக்குப் பிறந்தது ஏழு, வளர்ந்தது நான்கு. கிழங்கும் நடையும் ஆயுளைக் கொடுக்கும் என்றால், இவர்கள் எல்லாரும் எங்கே?

நான் பினாங்கில் ஒரு சில்லுத் தொழிற்சாலையில் நம்பகத்தன்மைப் பிரிவில் பொறியாளர். ஒரு பொருள் எத்தனை காலம் உழைக்கும் என்று சோதிப்பதுதான் என் வேலை. 77 சில்லுகள் கொண்ட மூன்று தொகுதிகளை 125 பாகை வெப்பத்தில் மின்சாரம் ஓட 1000 மணி நேரம் வாட்டுவோம். முடிவில் எல்லாம் பிழைத்துவிட்டால் ஒரு கையெழுத்து, வேலை முடிந்தது. பிழைத்த சில்லைப் பிடித்துக்கொண்டு, ‘நீ எப்படிப் பிழைத்தாய்?’ என்று யாரும் கேட்பதில்லை. அதில் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. ஆனால் ஒன்றே ஒன்று செத்துப்போகட்டும், மொத்தப் பிரிவும் அதன் தலைமாட்டில் நிற்கும். எக்ஸ்ரே எடுப்போம். மேல் பிளாஸ்டிக்கை அமிலத்தில் கரைத்து நுண்ணோக்கியில் பார்ப்போம். எந்த வெப்பம், எவ்வளவு ஈரம், எத்தனை வோல்ட், எந்த இயந்திரம், எந்த ஷிஃப்ட்டில் ஒட்டியது, எல்லாம் எழுதுவோம். காரணம் என்ற கட்டத்தில், ‘இந்தச் சில்லுக்குக் கட்டுப்பாடு போதவில்லை’ என்று எழுதினால் மேலாளர் அறிக்கையை முகத்தில் எறிவார்.

மனிதர்கள் விஷயத்தில் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். பிழைத்தவரிடம் பேட்டி எடுக்கிறோம். செத்தவருக்குத் தீர்ப்பு எழுதுகிறோம்.

அப்பா 58 வயதில் இறந்தார். நாற்பதைத் தொட்டதும் சர்க்கரை, 54-இல் சிறுநீரகம் போய் வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். சாவு வீட்டில் பாட்டி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெற்ற பிள்ளையின் பெட்டியைப் பார்த்துக்கொண்டு அவருக்கு அழுகைகூட வரவில்லை. வந்திருந்த ஒரு தாத்தா வெளியே கூடாரத்தில் சொன்னார்: “அவங்கம்மாவ பாரு, கல்லாட்டம் இருக்காங்க. இவன்தான் வாயைக் கட்டல.” சுற்றி இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பாதிப் பேர் பையில் சர்க்கரை மாத்திரை இருந்திருக்கும்.

2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்த நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்குச் சர்க்கரை நோய். இந்தியர்களில் அது நூற்றுக்கு 31. பத்தில் மூன்று பேர் ஒரே நேரத்தில் வாயைக் கட்டத் தவறிவிட்டார்கள் என்றால், நான் அந்த வாய்களைப் பார்க்கமாட்டேன். அடுப்பின் வெப்பநிலையைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஒக்கினாவாவில் அப்படி ஓர் அடுப்பு தெரிகிறது. 1949 வாக்கில் அந்த மக்களுக்குக் கிடைத்த சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைவள்ளிக் கிழங்கிலிருந்து. இன்று அதை அதிசய உணவு என்கிறார்கள். அன்று அது ஏழைகளின் சாப்பாடு. போருக்குப் பிறகு 1972 வரை அமெரிக்க ஆட்சி. 1963-இல் ஏ அண்ட் டபிள்யூ கடை அங்கே திறந்தது, ஜப்பானின் மற்ற பகுதிகளுக்குத் துரித உணவு பரவும் முன்பே. 2000-ஆம் ஆண்டுக் கணக்கில் ஒக்கினாவா ஆண்களின் ஆயுள் 47 மாநிலங்களில் 26-ஆம் இடத்துக்குச் சரிந்தது. ஜப்பானில் அதை ‘26 அதிர்ச்சி’ என்றே அழைத்தார்கள். ஒரே தீவு, ஒரே ரத்தம். தாத்தாக்களுக்கு இருந்த மனக்கட்டுப்பாடு பேரன்களுக்கு ஒட்டுமொத்தமாக வற்றிப்போயிருக்காது. சுற்றி இருந்த உலகம் மாறிவிட்டது. கோலாலம்பூரில் ஏ அண்ட் டபிள்யூ திறந்ததும் அதே 1963-இல்தான்.

அப்பா வளர்ந்த நாட்டில் சீனிக்கு அரசாங்கமே மானியம் கொடுத்தது. அது நின்றது 2013-இல். இனிப்புப் பானங்களுக்கு வரி வந்தது 2019 ஜூலையில். அப்போது அப்பா டயாலிசிஸ் நாற்காலியில் இருந்தார். தோட்டம் செம்பனைக்கு மாறி ஆட்கள் டவுனுக்குப் பெயர்ந்தபோது அப்பாவுக்குப் பிறையில் தொழிற்சாலை வேலை கிடைத்தது. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். நான்கு நாள் பகல், இரண்டு நாள் ஓய்வு, நான்கு நாள் இரவு. ஓய்வு நாளிலும் ஓட்டி கிடைத்தால் போய்விடுவார். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான், மாத்திரையும் சேர்த்து. பணம் பிரச்சினையே இல்லை. இரவு வேலை முடிந்து போய் நம்பர் எடுத்துவிட்டு பெஞ்சிலேயே தூங்கிவிடுவார். நம்பர் போய்விடும். அமெரிக்கத் தாதியர்களை நீண்ட காலம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு, சுழல் முறையில் இரவு வேலை செய்த ஆண்டுகள் கூடக்கூட சர்க்கரை நோயும் கூடுவதைக் காட்டியது. அதைப் படித்த இரவு நான் அப்பாவின் பழைய ஷிஃப்ட் அட்டவணையை எடுத்து எண்ணிப் பார்த்தேன். இருபத்தாறு ஆண்டு.

சாப்பாட்டுக் கட்டுப்பாடு வீண் என்று நான் சொல்லவரவில்லை. கலிபோர்னியாவில் அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவர்கள் சுமார் 34,000 பேரை 1976 முதல் 1988 வரை பின்தொடர்ந்தார்கள். அந்த மாநிலத்தின் மற்றவர்களைவிட ஆண்கள் ஏழு ஆண்டும் பெண்கள் நான்கு ஆண்டும் கூடுதலாக வாழ்ந்தது தெரிந்தது. இந்த ஆய்வை நான் நம்புகிறேன், ஏனென்றால் அங்கே செத்தவர்களையும் எண்ணினார்கள். அவர்கள் புகைப்பதில்லை, பலர் மாமிசம் தொடுவதில்லை. அதோடு இன்னொன்றும் உண்டு. வாரத்தில் ஒரு நாள் முழுதாக வேலையை நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் குடும்பக் குழுவில் பாதாம், வால்நட் பற்றிய செய்திகள் நிறைய வந்திருக்கின்றன. அந்த ஒரு நாள் ஓய்வைப் பற்றி இதுவரை யாரும் அனுப்பவில்லை.

போன மாதம் கம்பெனி மருத்துவப் பரிசோதனையில் என் ஹெச்பிஏ1சி 5.9 என்று வந்தது. சர்க்கரைக்கு முந்தைய படி. எனக்கு 28 வயது. டாக்டர் தட்டுப் படம் போட்ட தாளைக் கொடுத்தார்: கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ, அரைத் தட்டு காய்கறி பழம். நான் அதைச் செய்கிறேன். தே ஓ கோசோங் குடிக்கப் பழகிவிட்டேன். சாயங்காலம் தாமானில் ஓடுகிறேன். என்னால் முடிகிறது, ஏனென்றால் ஆறு மணிக்கு வேலை முடிகிறது, வீட்டில் அடுப்பும் சமைக்க நேரமும் இருக்கிறது. அந்த நேரத்தை எனக்கு வாங்கிக் கொடுத்தது அப்பாவின் ஓட்டி. நான் எண்பது வயது வரை இருந்தால் என் பேரப் பிள்ளைகள் ஓட்டத்தையும் காய்கறியையும்தான் காரணமாகச் சொல்வார்கள்.

அதனால் இதை எழுதி வைக்கிறேன். பல்கலைக்கழக விடுமுறைகளில் டயாலிசிஸ் சென்டருக்கு அப்பாவோடு நான்தான் போவேன். அந்த நான்கு மணி நேரத்தில் ஒரு நாள், இரவு ஷிஃப்ட்டில் என்ன சாப்பிடுவீங்கப்பா என்று கேட்டேன். யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை போல. கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகச் சொன்னார். நான் கைப்பேசியில் தட்டினேன். அது இப்படி இருக்கிறது:

“ராத்திரி 12, தே தாரிக். 3 மணி, கேன்டீன் மீ கோரேங், அப்ப அது ஒண்ணுதான் இருக்கும். 5 மணி, மறுபடி தே, சீனி கூட, இல்லன்னா மெஷின் முன்னால தூங்கிருவேன். 7 மணி ஷிஃப்ட் முடியும். நேரா வீட்டுக்கு வந்து பைக்க நிறுத்தக்கூட மாட்டேன். 7:20-க்கு ஒன்ன ஸ்கூல்ல விடணும்.”