எட்டு இலக்கம்

தருமபுரியிலிருந்து சிறுபத்திரிகை நடத்துகிற எனக்கு வரும் கடிதங்களில் இப்போதெல்லாம் கட்டுரைக்கு முன்னால் ஒரு கேள்வி வந்து நிற்கிறது: ஐ.எஸ்.எஸ்.என். உண்டா? இல்லை என்று பதில் போட்டால் கட்டுரை வருவதில்லை. கவிஞர்கள் இதைக் கேட்பதில்லை. கல்லூரி ஆசிரியர்கள் கேட்கிறார்கள். 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு பதவி உயர்வுக்கு மதிப்பெண் வகுத்ததிலிருந்து இந்த எண்ணுக்கு ஒரு மவுசு ஏறிவிட்டது. பிற்பாடு விதிகள் மாறின. மவுசு இறங்கவில்லை.

எண்ணைப் பார்த்தால் பரம சாதுவாக இருக்கிறது. நான்கு இலக்கம், ஒரு சிறு கோடு, மறுபடி நான்கு. 1975இல் சர்வதேசத் தரமாயிற்று. தலைமை மையம் பாரீஸில். இந்தியாவுக்குத் தில்லியில் இலவசமாகவே தருகிறார்கள். கடைசி இலக்கம் மற்ற ஏழுக்கும் காவல். ஏழையும் வரிசையாக 8, 7 என்று 2 வரை பெருக்கிக் கூட்டி 11ஆல் வகுக்க வேண்டும். மீதியை 11இலிருந்து கழித்தால் அது கிடைக்கும். 0378-595 என்றால் கூட்டுத்தொகை 160, மீதி 6, எட்டாவது இலக்கம் 5. பத்து வந்தால் ரோமன் எழுத்தான எக்ஸ்.

இதற்கு மேல் அதில் அர்த்தம் எதுவும் கிடையாது. தருமபுரியின் பின்கோடு 636701. 1965இல் சேலத்திலிருந்து பிரிந்த மாவட்டம் இது. 1972இல் வந்த பின்கோட்டின் முதல் மூன்று இலக்கம் இன்றும் சேலத்தின் உறவைச் சொல்கிறது. ஐ.எஸ்.எஸ்.என். ஊரையும் சொல்லாது, மொழியையும் சொல்லாது. உள்ளே அச்சானது இலக்கியமா குப்பையா என்று அது எப்படிச் சொல்லும்? சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' 1959 முதல் 1970 வரை வந்தது. 'நடை' 1968இல் பக்கத்துச் சேலத்தில் தொடங்கியது. இரண்டும் இந்த எண் பிறக்கும் முன்பே நின்றுபோனவை. இன்றைய கேள்வியை அவற்றிடம் கேட்டால் இரண்டுமே தேறாது.

எண்ணின் மேல் எனக்கு விரோதமில்லை. ஒரே பெயரில் இரண்டு ஊர்களிலிருந்து பத்திரிகை வந்தால் நூலகர் பாவம், எதைக் கொண்டு பிரிப்பார்? அதற்காகத்தான் இது உண்டானது. ஆசிரியர் மாறலாம், முகவரி மாறலாம், எண் அப்படியே இருக்கும். பெயரை அடியோடு மாற்றினால்தான் புது எண். நின்றுபோன இதழுக்கும் பின்னாளில் தர இடமுண்டு. பைண்டு செய்த பழைய தொகுதிகளைப் புரட்டித் தேதியும் இதழ் எண்ணும் தேடி அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆகவே விண்ணப்பித்திருக்கிறேன், நூலகருக்காக. அட்டையின் வலது மேல் மூலையில் அச்சிடச் சொல்கிறார்கள். அந்த மூலையில் விலை இருக்கிறது. எண் கடைசிப் பக்கத்தில், சந்தா விவரத்துக்குக் கீழே வரும்.