ஜெயிச்சா கேஸ் போயிடுமா?

எலெக்‌ஷன் வந்துட்டா எங்க வீட்டு ஹால் சட்டசபை ஆயிடும். அப்பா ஒரு கட்சி, மாமா எதிர்க்கட்சி. வேட்பாளர் மேல கேஸ் இருக்குன்னு பேச்சு வந்தா, "ஜனங்க ஓட்டுப் போட்டு ஜெயிக்க வெச்சுட்டாங்கல்ல மாப்ள, அதான் பெரிய தீர்ப்பு" என்பார் அப்பா. "அப்ப கோர்ட்டை இழுத்து மூடிரலாமா மச்சான்?" என்பார் மாமா.

சட்டம் படிக்கிற பொண்ணு நான். ரெண்டு பேர் சொல்றதும் சரியான்னு பார்க்க, ஜெயலலிதா மீதான வழக்குகளை வருஷ வரிசையில் நோட்டில் எழுதினேன்.

1996 தேர்தலில் ஆட்சி மாறியது. அதற்குப் பிறகுதான் வழக்குகள் வரிசை கட்டின. 2000 அக்டோபரில் டான்சி நில வழக்கில் தண்டனை. 2001-ல் நாலு தொகுதியில் மனு போட்டார், ஒண்ணுகூட ஏற்கப்படலை. ஆனா கட்சி ஜெயிச்சது. எம்.எல்.ஏ. ஆகாமலே முதல்வரானார். செப்டம்பர் 21-ம் தேதி, 'அந்த நியமனம் செல்லாது' என்றது சுப்ரீம் கோர்ட். டிசம்பரில் ஹைகோர்ட் அவரை விடுதலை செய்தது. 2002-ல் ஆண்டிபட்டி இடைத்தேர்தலில் ஜெயிச்சு மறுபடி முதல்வர்!

இதுவரைக்கும் கேஸ், எலெக்‌ஷனைப் புரட்டிப் போட்ட கதை. இனிமேதான் எலெக்‌ஷன், கேஸைப் புரட்டிப் போட்டது.

சொத்துக் குவிப்பு வழக்கில் ஏற்கெனவே சாட்சி சொன்ன 76 பேர், ஆட்சி மாறிய பிறகு மறுபடி கூப்பிடப்பட்டார்கள். அதில் 64 பேர் பல்டி! அரசு வக்கீல் அவங்களை மடக்கிக் கேள்வி கேட்கலை. அந்த வக்கீலை நியமிக்கிறது யாரு? அரசாங்கம். அரசாங்கத்தோட தலைமையில் யாரு? குற்றம்சாட்டப்பட்டவரே! அதனாலதான் க.அன்பழகன் போட்ட மனுவை ஏற்று, 2003 நவம்பரில் வழக்கைக் கர்நாடகாவுக்கு மாற்றியது சுப்ரீம் கோர்ட்.

அங்கே 2014-ல் தண்டனை, 2015-ல் விடுதலை. 2016 டிசம்பரில் அவர் இறந்தார். 2017 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் அந்த விடுதலையை ரத்து செய்தது. அவர் உயிரோடு இல்லாததால் மற்ற மூணு பேருக்குத்தான் தண்டனை.

ஆக, 1996-ல் ஆரம்பிச்சது 2017-ல் முடிஞ்சது. நடுவில் நாலு சட்டமன்றத் தேர்தல். நாலு தடவையும் ஜனங்க கடைசித் தீர்ப்பு என்னன்னு தெரியாமலேதான் ஓட்டுப் போட்டாங்க. இழுத்தடிப்பால் நஷ்டம் ஒரு பக்கத்துக்கு மட்டும் இல்லை. டான்சி வழக்கில் அவருக்குக் கிடைச்ச விடுதலையை 2003-ல் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தது. ஆனா 2001-ல் போட்டியிட முடியாமப் போனது போனதுதானே?

அப்பா, மாமா ரெண்டு பேரும் விட்ட பாயின்ட் இதுதான். ஓட்டால் ஒருத்தர் குற்றவாளியா, நிரபராதியான்னு சொல்ல முடியாது. ஆனா போலீஸும் அரசு வக்கீலும் யார் கையில் இருக்கணும்னு அதுதான் முடிவு பண்ணுது.

அதனால ஃப்ரெண்ட்ஸ், 'எத்தனை கேஸ்?' என்பதோடு நிறுத்தாதீங்க. வேட்பாளரின் பிரமாணப் பத்திரம் தேர்தல் கமிஷன் வெப்சைட்டிலேயே கிடைக்கும். என்ன பிரிவு, எந்த வருஷத்து வழக்கு, கோர்ட் குற்றச்சாட்டு பதிவு செஞ்சாச்சா, அப்போ யார் ஆட்சி... நாலையும் பாருங்க. என் முதல் ஓட்டுக்கு முன்னாடி எனக்கு அரை மணி நேரம்தான் ஆச்சு!