பஞ்சுக்கு முன் காபி

கோயம்புத்தூர் தொழில் நகரம் ஆனது எப்படி என்று ஊரில் கேட்டுப் பாருங்கள். கரிசல் மண்ணும் பருத்தியும் என்பார் ஒருவர். பைகாரா மின்சாரம் வந்தது, மில்கள் பெருகின என்பார் இன்னொருவர். ஜி.டி. நாயுடு என்று ஒரே பெயரில் முடித்துவிடுவார் மூன்றாமவர். மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் நீலகிரி மலையின் பைகாராவில் மின்சாரம் பிறந்தது 1932இல். லட்சுமி மில் தொடங்கியதே 1910இல்தான். இவற்றுக்கெல்லாம் முன்பாக, 1888இல், இந்த ஊரில் ஒரு பஞ்சாலை எழுந்துவிட்டது. அதன் காகிதப் பெயர் கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில். அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் பழைய ஆட்கள் ஒரு நொடி யோசிப்பார்கள். பிறகு, "ஸ்டேன்ஸ் மில்லுங்களா?" என்பார்கள்.

பருத்தி விளையும் சீமையில் முதல் பஞ்சாலையை ஒரு வெள்ளைக்காரர் கட்டியிருக்கிறார். அவர் யார்? அதற்கான மூலதனம் அவருக்கு எங்கிருந்து கிடைத்தது? இந்தக் கேள்விகளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனேன். 1887இல் எஃப்.ஏ. நிக்கல்சன் எழுதிய கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டிலிருந்து தொடங்கினேன். கிணறும் கமலையும் காங்கேயம் மாடும் மானாவாரிக் காடும் நிறைந்த ஒரு வேளாண் நாட்டைக் காட்டும் நூல் அது. அது வெளிவந்து ஓராண்டில் மில் வருகிறது. நிலத்திலிருந்து மில்லுக்கு நேராக ஒரு கோடு இழுக்க முடியவில்லை. நடுவே ஏதோ இருந்தது. தேடிப் போனால், அது காபி.

ராபர்ட் ஸ்டேன்ஸ் 1841இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தது 1858இல், பதினேழு வயதில். சூயஸ் கால்வாய் அப்போது இல்லை, அது திறந்தது 1869இல். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு கப்பல்கள் சென்னைக்கு வந்த காலம் அது. சென்னையிலிருந்து மேற்கே ரயில் கொஞ்ச தூரம்தான். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் பாதை போட்டிருந்தார்கள். அதற்கு அப்பால் கொங்கு நாட்டுக்கு மாட்டு வண்டியே கதி. சிப்பாய்க் கலகத்துக்கு அடுத்த ஆண்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி விக்டோரியா அரசியின் கைக்கு மாறிய அதே ஆண்டு, அந்தப் பையன் வந்து இறங்கினான். குடும்பத்தார் நீலகிரியில் காபித் தொழிலில் இருந்தார்கள். அவர்களுக்குக் கை கொடுக்க வந்தவன் அவன்.

1861இல் டி. ஸ்டேன்ஸ் அண்ட் கம்பெனி தொடங்குகிறது. அதன் முதல் தொழில் காபி பதப்படுத்துதல்.

இந்தத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கோவையின் கதையே இதில் இருக்கிறது. மலைத்தோட்டத்தில் பறித்த சிவந்த காபிப் பழத்தின் சதையை அங்கேயே அரைத்து நீக்கி, கொட்டையை ஊறவைத்துக் கழுவிவிடுவார்கள். அப்போதும் கொட்டையைச் சுற்றி மஞ்சள் நிறத்தில் ஒரு தடித்த தோல் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தோலோடு முழுக்கக் காய வேண்டும். ஈரம் மிஞ்சினால் கொட்டை பூசணம் பிடிக்கும், நிறம் கெடும், லண்டன் சந்தையில் விலை விழும். மலையிலோ மழையும் பனிமூட்டமும். அடிவாரத்தில் கோயம்புத்தூரில் காய்ந்த காற்று, நல்ல வெயில். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துவிடுவதால், ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர் மழைதான். எந்த வறட்சி இங்கே உழவரைக் கிணறு கிணறாகத் தோண்ட வைத்ததோ, அதே வறட்சி காபிக்காரருக்கு வரமாகிவிட்டது.

மூட்டை மூட்டையாகத் தோல் காபி மலையிறங்கி வரும். களத்தில் பரப்பி, புரட்டிப் புரட்டிக் காயவைப்பார்கள். பிறகு எந்திரத்தில் தோலை உரித்து, மெருகேற்றி, சல்லடையில் பருமன் வாரியாகப் பிரிப்பார்கள். தோல் போனதும் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கடைசியில் கைவேலை: பெண்கள் வரிசையாக உட்கார்ந்து உடைந்ததையும் கறுத்ததையும் பொறுக்கி எடுப்பார்கள். எந்திரம் எவ்வளவு வந்தாலும் இந்தப் பொறுக்கு வேலைக்குக் கண்ணும் விரலும் வேண்டியிருந்தன. மில் சங்கு ஊதுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, ஒரு கூரையின் கீழ் கூலிக்குக் கூட்டமாக வேலை செய்யும் பழக்கம் இந்த ஊருக்கு இப்படி வந்தது. கோவை ஆலைத் தொழிலாளர் வரலாற்றை எழுதுபவர்கள் முதல் பக்கத்தை இந்தப் பெண்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ரயிலும் கைகொடுத்தது. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை நோக்கிய பாதை 1862இல் போத்தனூர் வழியாக ஓடியது. 1873இல் கிளைப் பாதை மேட்டுப்பாளையத்தைத் தொட்டது. மலைக்கும் துறைமுகத்துக்கும் நடுவே, சரியான இடத்தில், கோயம்புத்தூர் உட்கார்ந்திருந்தது.

கம்பெனி தொடங்கி ஓராண்டில், 1862இல், ஸ்டேன்ஸ் ஒரு பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு இருபத்தொரு வயது. ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி அது. போத்தனூர் ரயில்வேயை நம்பி ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் குடியேறிய காலம். இன்று அவினாசி சாலையில் அந்தப் பள்ளி எல்லோருக்குமானதாக நடக்கிறது. குன்னூரிலும் அதே பெயரில் பள்ளி உண்டு. 1866இல் கோயம்புத்தூர் நகராட்சி அமைந்தபோது முதல் தலைவராக அவரையே அமர்த்தினார்கள். இருபத்தைந்து வயதில் ஒருவர் நகராட்சித் தலைவர் ஆனதற்கு அவருடைய திறமை மட்டும் காரணமாக இருக்க முடியாது. ஆட்சி வெள்ளையருடையது. அந்த நாற்காலி உள்ளூர்க்காரருக்கு அவ்வளவு எளிதில் கிடைத்திருக்காது. தோட்டங்கள் எழுந்த மலை நிலமும் யாரும் இல்லாத நிலம் அல்ல. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு நேராக இருக்கும்.

காபிக்குக் கெட்ட காலம் விரைவில் வந்தது. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத் துரு நோய் அந்த நாட்டின் காபித் தொழிலையே அழித்தது. தென்னிந்தியத் தோட்டங்களும் தப்பவில்லை. 1876 முதல் 78 வரை தாது வருடப் பஞ்சம் கொங்கு நாட்டை உலுக்கியது. இந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பல வெள்ளைக்காரர்கள் கணக்கை முடித்துக்கொண்டு கப்பலேறினார்கள். ஸ்டேன்ஸ் இருந்தார். 1888இல், நாற்பத்தேழு வயதில், மில் கட்டினார். நீராவி எஞ்சின் காலம் அது. மலைக் காபியில் பழகிய கணக்கும் கைகளும் சமவெளிப் பஞ்சுக்கு வந்து சேர்ந்தன.

அதன்பின் நடந்தது பலருக்கும் தெரியும். உள்ளூர் நாயுடு, செட்டியார், கவுண்டர் குடும்பங்கள் இருபதாம் நூற்றாண்டில் மில் மேல் மில்லாகக் கட்டின. வித்து விழுந்த இடத்தைவிடப் பெரிய காடு அது, முழுக்க அவர்களுடைய உழைப்பு.

ஒரு சந்திப்பை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கலங்கல் கிராமத்து உழவர் மகன் ஜி.டி. நாயுடு பஸ் வாங்கப் பணம் தேடியபோது, ராபர்ட் ஸ்டேன்ஸ் அவருக்கு நாலாயிரம் ரூபாய் கடன் கொடுத்தார் என்கின்றன நாயுடுவின் வாழ்க்கை வரலாறுகள். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்த பஸ் ஓடியது, ஓட்டுநரும் நாயுடுவே. யு.எம்.எஸ். பஸ் நிறுவனத்துக்கு அதுதான் விதை. அதே 1920இல்தான் ஸ்டேன்ஸுக்கு சர் பட்டமும் கிடைத்தது. அந்த ஆண்டில் அவர் செய்த காரியங்களில் எது பெரியது என்று என்னைக் கேட்டால், கடன் கொடுத்ததையே சொல்வேன்.

எதிர்த்திசையிலும் ஒருவர் நடந்தார். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து முத்துசாமி முதலியார், வெள்ளைக்காரர்களின் கடிதங்களைச் சுமந்துகொண்டு மலையேறி வந்தவர். 1905இல் குன்னூர் வண்ணாரப்பேட்டையில் ஓர் ஆங்கிலேயரின் வெண்ணெய் வியாபாரத்தை வாங்கி நடத்தினார். அதுவே பின்னாளில் பெங்களூரு வரை பரவிய நீல்கிரிஸ் கடைகள். இங்கிலாந்துக்காரர் அடிவாரத்தில் மலைக் காபியை உலர்த்தினார், கொங்கு நாட்டுக்காரர் மலையில் வெண்ணெய் விற்றார். வந்தேறிகளின் கதை ஒரே பக்கம் ஓடுவதில்லை என்பதற்கு இந்த இருவரும் போதும்.

1922இல் ஸ்டேன்ஸ் யுனைடெட் நீல்கிரி டீ எஸ்டேட்ஸ் கம்பெனியை உருவாக்கியபோது அவருக்கு எண்பத்தொரு வயது. காபி, பஞ்சு, அடுத்து தேயிலை. 1936இல் தொண்ணூற்றைந்து வயதில் இறந்தார். கொங்கு மண்ணுக்கு வந்து எழுபத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர் போனபின் மில்லின் கதை கடுமையானது. கோவைப் பஞ்சாலைகளில் கூலிக்கும் வேலைப்பளுவுக்கும் எதிரான போராட்டங்கள் வலுத்த நேரம். 1946 நவம்பரில் ஸ்டேன்ஸ் மில்லில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். இந்தக் கட்டுரையில் நிறுவனரின் நற்பெயருக்குக் கிடைத்த இடம் அந்தத் தொழிலாளர்களுக்கும் உரியது. 1974இல் தேசியமயச் சட்டம் வந்தபோது மில் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கைக்குப் போனது. 2020 ஊரடங்கில் அக்கழகத்தின் ஆலைகள் நின்றன.

டி. ஸ்டேன்ஸ் கம்பெனி சென்னை அமால்கமேஷன்ஸ் குழுமத்துக்கு மாறி இன்றும் இயங்குகிறது. அதன் வேப்பெண்ணெய் மருந்தான நிம்பிசிடினை வாங்கித் தெளிக்கும் கொங்கு விவசாயிகள் பலருக்கு, ஸ்டேன்ஸ் என்ற பெயர் ஒரு காபிக் களத்திலிருந்து வந்தது என்று தெரியாது.

பெரிய மனிதர்களின் பெயர்கள் பள்ளி முகப்பிலும் கம்பெனிப் பலகையிலும் பத்திரமாக இருக்கின்றன. காபி பொறுக்கிய பெண்களுக்கும் மில் கூலிகளுக்கும் அப்படி எதுவும் இல்லை. உங்கள் அப்பத்தாவோ அம்மாயியோ கோவைக் காபிக் களத்தில் வேலை செய்திருந்தால், அப்பாரு ஸ்டேன்ஸ் மில்லில் கூலி வாங்கியிருந்தால், அவர் பெயர், ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதையாவது ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பழைய கூலிச் சீட்டோ அடையாள அட்டையோ கிடைத்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.