கப்பல் நின்ற ஊரில் ஒரு மலைக்கிராமம்

கப்பலில் உல்லாசப் பயணம் போகிறவர்கள் துறைமுகத்தில் இறங்கியதும், கம்பெனி ஏற்பாடு செய்யும் பஸ்ஸில் ஏறிக்கொள்வது வழக்கம். செலவு அதிகம், குழந்தை பசியென்று அழுதாலும் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. பிரான்சின் தென்கரையில் வில்ஃபிரான்ஷ் துறைமுகத்திலிருந்து ஏஸ் என்ற மலைக்கிராமத்துக்கு நாமே போய் வரலாம். நாங்கள் அப்படித்தான் போனோம்.

கப்பல் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். சிறு படகில் கரைக்கு வந்து கொஞ்சம் நடந்தால் ரயில் நிலையம். இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கினால் மலைமேல் போக பஸ் உண்டு. தத்துவ அறிஞர் நீட்ஷே ஏறிய ஒற்றையடிப் பாதையும் இருக்கிறது. ஏற ஒரு மணி நேரத்துக்கு மேலாகும், வழியெல்லாம் கல். முட்டிவலி உள்ளவர்களுக்கு பஸ்தான் சரி.

ஊர் சுமார் 430 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உள்ளே கார் வராது. எங்கும் கல்படிகள், குழந்தையை இடுப்பில்தான் தூக்கவேண்டும். உச்சியில், 1706-ல் பதினான்காம் லூயி மன்னர் இடிக்கச் செய்த கோட்டையின் மிச்சம். அதைச் சுற்றி 1949-ல் அமைத்த தோட்டத்தில் கள்ளியும் கற்றாழையும்! "இதைக் காசு கொடுத்தா பார்க்கணும்?" என்று சிரித்த என் மாமியார், கீழே கடலைப் பார்த்ததும் பேச்சற்று நின்றுவிட்டார்.

ஒன்றை மறக்காதீர்கள். கம்பெனி பஸ் தாமதித்தால் கப்பல் காத்திருக்கும்; தனியாகப் போனவர்களுக்குக் காத்திராது. அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில்தான் போய்ச் சேரவேண்டும். கப்பல் கிளம்புமுன்பே படகு நின்றுவிடும். அதனால் கடைசிப் படகுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே மலையிறங்குங்கள். கடிகாரம் கப்பல் நேரத்தில் ஓடட்டும். பாஸ்போர்ட் நகல், மருந்து, தண்ணீர் பையில் இருக்கட்டும். ஒரு கடை குறைவாகப் பார்த்தால் நஷ்டமொன்றுமில்லை.