டாஷ்போர்ட் பெட்டிக்குள் ஒரு துணி

காரின் டாஷ்போர்ட் பெட்டிக்குள் மென்துணி ஒட்டுவதைப் பற்றி எழுதப்போகிறேன். அரசியலை எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்தருள்க.

இலங்கையில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்குத் தடை நீங்கியது 2025 பெப்ரவரியில்தான். அதுவரை பழைய காரே கதியென்றிருந்தவர்களுள் நானும் ஒருவன். என்னுடையது இருபது வயதைத் தாண்டிய ஜப்பானியக் கார். எஞ்சினில் குறையில்லை. உள்ளேதான் வெறும் பிளாஸ்டிக். வீதியில் ஒரு குழி வந்தால் போதும், சில்லறை, பேனா, திறப்புக் கோர்வை யாவும் கலகலக்கும்.

போர்க்காலக் கொழும்பில் அந்தச் சத்தத்தை நான் பொருட்படுத்தியதில்லை. சோதனைச்சாவடியில் நிறுத்தினால் முதலில் திறக்கச் சொல்வது அந்தப் பெட்டியைத்தான். உள்ளே துணி ஒட்டியிருந்தால், துணிக்குப் பின்னால் என்ன என்ற கேள்வி எழும். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரும் கையில் பத்திரிகையாளர் அட்டையும் உள்ளவன் அதற்குச் சிங்களத்தில் விடை சொல்லவேண்டும். சத்தத்தைக் குறைக்கவே ஒட்டினேன் என்று இரவு பதினொரு மணிக்கு ஒரு சிப்பாயை நம்பவைப்பது இலேசான காரியமன்று. வெறும் பிளாஸ்டிக்கே பாதுகாப்பு. போர் 2009இல் முடிந்தது. பழக்கம் முடியவில்லை. கடந்த மாதந்தான் துணிந்தேன்.

பழைய பத்திரிகைத் தாளைப் பெட்டிக்குள் அழுத்தி, அடிப்பாகத்துக்கும் பக்கங்களுக்கும் தனித்தனியே அளவெடுத்தேன். (அது என் கட்டுரை வெளிவந்த பக்கம் என்பதை மனைவி சுட்டிக்காட்டினார்.) கடையில் முதலில் எடுத்துக்காட்டியது கரும்பச்சை ஃபெல்ட். வேண்டாமென்று சாம்பல் நிறம் வாங்கினேன். பிளாஸ்டிக்கைச் சாண்ட்பேப்பரால் இலேசாகத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்தால்தான் பசை நன்கு பிடிக்கும். ரப்பர் பசையைத் துணியிலும் பெட்டியிலும் மெல்லிதாகப் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டுப் பின்னரே அழுத்தவேண்டும். கார்க் கதவுகள் திறந்தே இருக்கட்டும். பசையின் நெடி தலையைச் சுற்றவைக்கும். வெயிலில் நிற்கும் காரில் பசை இளகும் என்பதால் ஓரங்களை அடிக்கடி பார்த்துக்கொள்ளவேண்டும். எயார்பேக் மூடியின்மேல் மட்டும் எதையும் ஒட்டிவிடாதீர்கள்.

சென்ற வாரம் யாழ்ப்பாணம் போய்வந்தேன். ஏறத்தாழ 400 கிலோமீற்றர். பெட்டியிலிருந்து ஒரு சத்தமுமில்லை. ஓமந்தையில் முன்னர் சோதனைச்சாவடி இருந்த இடத்தைக் கடக்கையில், பெட்டியைத் திறப்பதற்குக் கை தானாகவே நீண்டது. பக்கத்தில் இருந்த மகள், "என்னப்பா தேடுறீங்கள்?" என்றாள். கண்ணாடித் துடைக்கும் துணி என்றேன்.

கதவுப் பைகள் இன்னும் மிச்சமிருக்கின்றன.