கை விழும் முன்னால் ஒரு மூச்சு

அம்பத்தூர் ஓ.டி.யில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கிற தூரத்தில் ஒரு சர்ச்சின் மாடி ஹால். மூன்று நாள் கண்டக்டிங் வகுப்பு, வந்தவர்கள் ஆறே பேர். ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லி, திருமுல்லைவாயில் பக்கத்துச் சபைகளில் கொயர் நடத்துகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் முன்னால் நின்று கை அசைக்கிறார்கள். "சரியாத்தான் அசைக்கிறோமான்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல சார்" என்றார் பூந்தமல்லியிலிருந்து வந்த அக்கா. பள்ளியில் கணக்கு டீச்சர்.

கற்றுக்கொடுப்பவரை எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். சினிமா ரிக்கார்டிங்கில் வயலின் வாசித்தவர். ஹெட்போனில் ஓடும் கிளிக் தாளத்தை நம்பி வாசித்தே பழகிப்போன தலைமுறைக்கு, முன்னால் நிற்கும் மனிதனைப் பார்த்து வாசிக்கிற பழக்கம் கைவிட்டுப் போகிறதே என்ற கவலை அவருக்கு. எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

முதல் நாள் காலை முழுக்க ஒரே ஒரு பாடம்: ஆரம்பிப்பது. அம்பத்தூர் எஸ்டேட்டில் கடைசல் பட்டறையில் வேலை செய்யும் தம்பி முன்னால் நின்று "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்று எண்ணிக் கையை இறக்கினார். மற்ற ஐந்து பேரும் ஐந்து விதமாக நுழைந்தார்கள். "வாயால எண்ணாதே. மூச்சை இழு" என்றார் மாஸ்டர். மறுபடியும் கை இறங்கியது, மறுபடியும் சிதறல். கையையும் கட்டிக்கொள்ளச் சொன்னார். தம்பி கண்ணை நிமிர்த்தி, மூக்கால் ஒரு மூச்சு இழுத்தார். எதிரே ஐந்து நெஞ்சுகள் கூடவே உயர்ந்தன. அடுத்த கணம் ஐந்து குரலும் ஒன்றாக விழுந்தன. இதை அருகில் நின்று பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது.

நம் தாளத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் விளங்கியது. ஆதி தாளம் போடுகிற கை, பாட்டோடு கூடவே நடக்கிறது. தட்டு விழும்போது அட்சரமும் விழுகிறது, கேட்பவர்களும் சேர்ந்து போடலாம். கண்டக்டிங்கில் கை ஓர் அடி முன்னே நடக்கிறது. இப்போது ஒலிப்பதை அல்ல, இனி ஒலிக்கப்போவதை அது சொல்கிறது. எவ்வளவு வேகம், எவ்வளவு கனம், எல்லாம் அடிக்கு முந்தைய அந்த ஏற்றத்திலேயே தெரிந்துவிட வேண்டும். ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் தரையில் கோலைத் தட்டித்தான் தாளம் காட்டினார்கள். பாரிஸில் இசையமைப்பாளர் லுல்லி அப்படித் தட்டியபோது கோல் காலில் பட்டு, அந்தப் புண் புரையோடி 1687இல் இறந்துபோனார். ஓசையில்லாத மெல்லிய கோல் பரவலானது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான்.

நானும் ஒருமுறை முன்னால் நின்று கை அசைத்துப் பார்த்தேன். சிறுவயதிலிருந்து தொடையில் தாளம் போட்ட கை, கீழே வந்ததும் அங்கேயே நின்றுவிட்டது. "பந்து மாதிரி எழும்பணும். நின்னா அவங்க மூச்சும் நின்னுடும்" என்றார் மாஸ்டர்.

இரண்டாம் நாள் அந்தத் தம்பி ஒரு கோல் கொண்டுவந்தார். தேக்குத் துண்டைத் தானே கடைந்து பேரிக்காய் வடிவில் பிடி செய்து, அதில் ஃபைபர் குச்சியைச் செருகியிருந்தார். வாங்கி ஒற்றை விரலில் நிறுத்தினேன். பிடி முடிகிற இடத்தில் ஆடாமல் நின்றது. "எடை அங்க இருந்தாதாண்ணா மணிக்கட்டு வலிக்காது. மூணு தடவை கடைஞ்சேன்" என்றார்.

வயலின் கற்பவர் வயலினை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். கண்டக்டிங் கற்பவரின் வாத்தியம் மனிதர்கள். கண்ணாடி முன் நின்று எத்தனை மாதம் கை வீசினாலும் பதில் வராது. அதனால்தான் இந்தச் சின்னக் குழு. ஒருவர் நிற்க மற்றவர்கள் பாடுவார்கள், பத்து நிமிடத்தில் ஆள் மாறும். செல்போனில் எடுத்த வீடியோவை அவரவர் பார்த்துத் திருத்திக்கொள்வார்கள். மூன்று நாளில் யாரும் கண்டக்டர் ஆகிவிட முடியாது. ஆனால் ஒரு தப்பை அதே நாளில் ஆறு முறை திருத்திக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை பிராக்டிஸில் அது நடக்காது.

சென்னைக்கு இந்தக் கலை புதிதல்ல. மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் என்ற கொயர் 1893இல் தொடங்கியது. ஏ.ஆர். ரகுமானின் கே.எம். இசைக் கல்லூரி 2008இல் வந்தது. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியபோது இந்த ஆறு பேரும் செல்போனில் துண்டு துண்டாகப் பார்த்திருக்கிறார்கள். அன்று கோல் பிடித்தவர் மிக்கேல் டாம்ஸ். அவர் இடது கையை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்ததாக அக்கா சொன்னார். ஊரின் மேற்குக் கோடியில் இருக்கும் இவர்களுக்குக் கற்றுக்கொள்ள ஒரு குழு நிரந்தரமாகக் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! மாதம் ஒரு சனிக்கிழமை ஒவ்வொரு சபையும் தன் கொயரைக் கடன் கொடுத்தால்கூடப் போதும்.

கடைசி நாள் மாலை ஹாண்டலின் அல்லேலூயா கோரஸ். முடிவுக்குச் சற்று முன் எல்லாக் குரலும் சட்டென்று நிற்கிற ஓர் இடம் உண்டு. அந்த மௌனத்தில் யாராவது ஒருவர் தனியாக நுழைந்துவிடுவது எல்லாச் சபையிலும் நடப்பதுதான். அக்கா நின்றார். அந்த இடம் வந்தது. கை மேலே போய் நின்றது. அரக்கோணம் பக்கம் போகிற ரயிலின் ஹாரன் ஜன்னல் வழியே வந்து போயிற்று. ஒருவரும் அசையவில்லை. அக்கா மெதுவாக மூச்சை இழுத்தார்.