சின்னக் கப்பலா, பெரிய கப்பலா?

ஊவா மாகாணத்துக்குக் கடற்கரை கிடையாது. பதுளை மாவட்டம் மலை. மொனராகலை மாவட்டம் காடும் வயலும். பசறையில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் நமுனுகுலை மலையும் தேயிலையும்தான் கண்ணில் படும். ஆனாலும் சகோதரிகளே, இங்குள்ள தோட்டங்களில் எந்த லயத்து வாசலில் போய் உட்கார்ந்தாலும் சற்று நேரத்தில் பேச்சு கப்பலுக்கு வந்துவிடும். யார் எந்த வருஷம் கப்பல் ஏறினார்கள், யார் போன பிறகு கடிதமே போடவில்லை, யாருடைய தங்கச்சி இப்போது கோத்தகிரியில் இருக்கிறாள் என்று ஒரு கணக்கு ஓடும். கடலைப் பார்க்காமலேயே கப்பலைப் பற்றிப் பேசுகிற ஊர் இது.

பதுளையில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிற எனக்குத் தமிழ்நாட்டிலிருந்து அவ்வப்போது தொலைபேசி வரும். கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அறுபது வயதைத் தாண்டிய, கணவரை இழந்த, புதுக்கோட்டைப் பக்கத்து லாத்தா ஒருவர் இப்படிக் கேட்டார்: "தம்பி, நான் பசறையில பொறந்தவ. சின்னப் புள்ளையா இருக்கும்போது அத்தாவோட கப்பல்ல வந்துட்டேன். எங்க அம்மாவோட கபுரு அங்கதான் இருக்கு. புள்ளைங்களுக்கு லீவு இல்லை. நான் மட்டும் வரணும்னா நாகப்பட்டினத்துச் சின்னக் கப்பல்ல வரட்டுமா, மெட்ராசுல இருந்து போற பெரிய கப்பல்ல வரட்டுமா?"

'விமானம் இருக்கிறதே' என்று சொல்லலாம். இருக்கிறது, சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவுதான். அவசரமென்றால் அதில் வாருங்கள். ஆனால் கப்பலில் போனவர்களுக்குக் கப்பலிலேயே திரும்பி வர வேண்டும் என்று ஓர் ஆசை இருக்கிறது. அந்த ஆசையைப் பரிகசிக்க எனக்கு மனம் வரவில்லை. எனவே அந்த லாத்தாவுக்குச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெரிய கப்பல். சென்னையிலிருந்து 2023 ஜூன் மாதத்தில் 'எம்ப்ரஸ்' என்ற உல்லாசக் கப்பல் இலங்கைக்கு வரத் தொடங்கியது. ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்கு வந்தது. 1990இல் பிரான்ஸில் கட்டிய கப்பல். 211 மீட்டர் நீளம். ஏறத்தாழ 800 அறைகள். நம் ஊர்க் கடைத்தெரு ஒன்றை அப்படியே தூக்கித் தண்ணீரில் வைத்தால் எப்படி இருக்கும், அவ்வளவு பெரிது. நீச்சல் குளம், நாடக அரங்கு, பல உணவுக்கூடங்கள், சூதாட்டக் கூடம்கூட உண்டு. (வேண்டாதவற்றின் பக்கம் போகாமல் இருக்க அந்தப் பெரிய இடத்தில் தாராளமாக வழி இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.) பாரமான கப்பல் என்பதால் சாதாரண அலைக்கு அதிகம் ஆடாது. மருத்துவர் இருப்பார். படுக்க அறை, கதவுக்குத் தாழ்ப்பாள்.

அப்படியானால் தனியாக வருகிற பெண்ணுக்கு இதுதானே பாதுகாப்பு என்று தோன்றும். இரண்டு சங்கதிகளைக் கவனியுங்கள்.

ஒன்று, காசு. உல்லாசக் கப்பல்களில் விளம்பரத்தில் போடுகிற கட்டணம் ஓர் அறையில் இருவர் தங்குவார்கள் என்று வைத்து ஆளுக்கு இவ்வளவு என்று போட்ட கணக்கு. ஒருவர் மட்டும் அந்த அறையை எடுத்தால் காலியான கட்டிலுக்கும் சேர்த்து வாங்குவார்கள். சில வேளை ஏறத்தாழ இரண்டு மடங்காகும். இது ஒரு கம்பெனியின் வழக்கம் அல்ல, உலகம் முழுவதும் இந்தத் தொழிலில் உள்ள வழக்கம். துணைவரை இழந்தவர், துணைவர் இல்லாத கட்டிலுக்கும் காசு கட்ட வேண்டும். கேட்க ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

மற்றது இதைவிட முக்கியமானது. அந்தக் கப்பல் உங்களை இலங்கையில் இறக்கிவிட்டுப் போவதில்லை. காலையில் துறைமுகத்துக்கு வரும், மாலையில் புறப்படும். அதற்குள் நீங்கள் போய்த் திரும்பி ஏறிவிட வேண்டும். ஊவாவுக்குப் பக்கத்துத் துறைமுகம் ஹம்பாந்தோட்டைதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கிருந்து வெல்லவாய வந்து, ராவணா எல்ல நீர்வீழ்ச்சியைத் தாண்டி மலை ஏறி, எல்ல, தெமோதரை வழியாகப் பதுளைக்கு வர நூறு கிலோமீட்டருக்கு மேல். வளைவும் ஏற்றமுமான பாதை. போக நான்கு மணி, வர நான்கு மணி என்று வைத்தால் பசறைக்கு எப்போது போவது, கபுரடியில் எப்போது நிற்பது? கப்பல் ஊதுகிற சத்தம் காதில் கேட்டுக்கொண்டே யாசீன் ஓத முடியுமா?

இலங்கையைக் கடலோரமாகப் பார்த்துவிட்டு வீடு திரும்ப நினைப்பவருக்குப் பெரிய கப்பல் நல்லது. முழங்கால் வலி உள்ளவர், இங்கே சொந்தம் என்று யாரும் இல்லாதவர், பெட்டி தூக்க முடியாதவர் இவர்களுக்கெல்லாம் நான் அதையே சொல்வேன். சொந்த ஊரைத் தேடி வருகிறவருக்கு அது பொருந்தாது.

இனிச் சின்னக் கப்பல். நாகப்பட்டினம் - காங்கேசன்துறைப் பாதையில் 2023 அக்டோபர் 14ஆம் தேதி 'செரியாபாணி' என்ற கப்பல் ஓடத் தொடங்கியது. மழைக்காலம் வந்துவிட்டதென்று ஒரு வாரத்துக்குள் நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்ட் 16 முதல் 'சிவகங்கை' என்ற கப்பல் அதே பாதையில் இறங்கியது. 150 பேர் உட்காரலாம். சுமார் 110 கிலோமீட்டர் தூரம். நான்கு மணி நேரம். தொடங்கியபோது சாதாரண இருக்கைக்கு இந்திய ரூபாய் 5,000 அளவில் கட்டணம், வரி தனி. ஓர் ஆளுக்கு ஓர் இருக்கை, ஓர் இருக்கைக்கு ஒரு கட்டணம். தனியாக வருகிறவருக்கு அபராதம் எதுவும் இல்லை.

நான் ஒரு தடவை அதில் நாகப்பட்டினம் போய் வந்தேன். கட்டில் இல்லை, அறை இல்லை. பஸ்ஸில் போல வரிசையாக இருக்கைகள். கரை மறைந்த பிறகு ஆட்டம் தொடங்கியது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் பையைத் தேட ஆரம்பித்தார்கள். அப்போது ஒரு காட்சி கண்டேன். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் தன் பையிலிருந்து தேசிக்காய் எடுத்து, தெரிந்தவர் தெரியாதவர் என்று பாராமல் வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போனார். வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள், நாகூருக்குப் போகிறவர்கள், பிடவை வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் ஒரு மணி நேரத்தில் ஒருவர் கதையை ஒருவர் கேட்டு முடித்துவிட்டார்கள். தனியாக ஏறியிருந்த வயதான பெண் ஒருவரின் பெட்டியை இறங்கும்போது தூக்க மூன்று பேர் முன்வந்தார்கள். ஆயிரம் பேர் உள்ள இடத்தில் தனியாக வந்தவர் தனியாகவே இருக்கலாம். நூற்றைம்பது பேருக்குள் அது நடக்காது, விரும்பினாலும் விடமாட்டார்கள்!

இந்தச் சின்னது, பெரியது என்ற பேச்சு நம் முன்னோருக்கும் இருந்தது. காயல்பட்டினத்து வியாபாரிகள் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு நீராவிக் கப்பலில் ஓர் இரவுப் பயணமாக வருவார்கள். தோட்டத்துக்கு ஆள் வந்ததோ மன்னார்ப் பக்கத்துக் குறுகிய கடலைத் தாண்டித்தான். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் ரயிலோடு சேர்ந்த கப்பல் சேவை வந்தது. இர்வின், கோஷன் என்ற கப்பல்களின் பெயர் பழையவர்களுக்கு இன்னும் மறக்கவில்லை. 1924இல் ரயில் பாதை பதுளை வரை வந்தபின், தலைமன்னாரில் ஏறிப் பொல்கஹவெலயில் கோச்சி மாறினால் பதுளையில் இறங்கலாம் என்றாயிற்று. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, அக்டோபர் 30ஆம் தேதி, சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மனிதர்களைப் பங்கு போட்டார்கள். அதன்படி போனவர்கள் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு 'இராமானுஜம்' கப்பலில் போனார்கள். யுத்தத்தால் 1984இல் அதுவும் நின்றது. நம் லாத்தாவும் அந்தக் கப்பலில் போனவர்தான். அப்போது அவரிடம் எந்தக் கப்பல் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இப்போது அவரே தேர்ந்தெடுக்கப் போகிறார் என்பதால்தான் நானும் இவ்வளவு நேரம் எடுத்துச் சொல்கிறேன்.

இடையில் 2011 ஜூன் மாதம் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்ற பெரிய கப்பல் விட்டார்கள். ஆயிரம் பேருக்கு மேல் ஏறலாம். ஏற ஆள் போதவில்லை. அந்த வருஷம் நவம்பரிலேயே நின்றுபோனது. பெரிய கப்பல் ஆள் இல்லாமல் நிற்கிறது, சின்னக் கப்பல் காற்றடித்தால் நிற்கிறது. சின்னக் கப்பலின் பெரிய குறை அதுதான். லாத்தா முதலில் எடுத்த தேதியில் கடல் சரியில்லை என்று பயணம் ரத்தாகி, அவர் நாகூரில் உறவினர் வீட்டில் நான்கு நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆகவே குறித்த நாளில் கல்யாணம், காரியம் என்று வைத்துக்கொண்டு இதில் ஏறாதீர்கள். கையில் ஒரு வாரமாவது கூடுதலாக இருக்கட்டும்.

பெண் தனியாக நெடும்பயணம் போவது பற்றி நம் கிதாபுகளில் விரிவான பேச்சு உண்டு. ஷாபிஈ மத்ஹபில் கடமையான ஹஜ்ஜுக்கு நம்பிக்கையான பெண்கள் கூட்டம் துணையாக இருந்தால் போதும் என்று சொன்னவர்கள்கூட, மற்றப் பயணங்களுக்கு அந்தச் சலுகையை எல்லோரும் நீட்டவில்லை. ஹனஃபி மத்ஹபில் இன்னும் இறுக்கம். உங்கள் ஊர் ஆலிமிடம் உங்கள் வயதையும் நிலைமையையும் சொல்லிக் கேளுங்கள். டிக்கெட் வாங்குவதற்கு முன் கேளுங்கள். வாங்கிய பிறகு கேட்டால் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.

காலையில் நாகப்பட்டினத்தில் புறப்படுகிற கப்பலில் சுபுஹுக்கும் லுஹருக்கும் இடைப்பட்ட நேரத்திலேயே கரை சேர்ந்துவிடலாம். தொழுகைக்குச் சிரமம் இல்லை. பெரிய கப்பலில் நாள்கணக்கில் இருப்பீர்கள். நின்று தொழத் தலை சுற்றினால் உட்கார்ந்து தொழலாம். கப்பல் திரும்பினால் நீங்களும் கிப்லாவை நோக்கித் திரும்பிக்கொள்ளுங்கள். காலையில் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். நடுப்பகுதி இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஓரத்தைவிட அங்கே ஆட்டம் குறைவு.

காங்கேசன்துறையில் இறங்கிய அன்றே பதுளைக்கு ஓடி வராதீர்கள். யாழ்ப்பாணத்தில் ஐந்து சந்திப் பகுதியில் நம்மவர்கள் இருக்கிறார்கள். 1990 அக்டோபரில் வெளியேற்றப்பட்டு, யுத்தம் முடிந்தபின் திரும்பி வந்த குடும்பங்கள். அங்கே ஓர் இரவு. மறுநாள் பஸ்ஸில் கண்டி. அதற்கடுத்த நாள் கண்டியிலிருந்து பதுளை. பட்டிப்பொலவின் குளிரும், எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில் உள்ள ஒன்பது வளைவுப் பாலமும், தன் பாதைக்கு மேலேயே வளைந்து வந்து நிற்கிற தெமோதரை ஸ்டேஷனும் கோச்சியில் வந்தால்தான் காணலாம். ஆனால் 2025 நவம்பர் கடைசியில் அடித்த டிட்வா புயலில் மலைநாட்டு ரயில் பாதை பல இடங்களில் சேதமாகிவிட்டது. பதுளை மாவட்டத்தில் மண்சரிவில் பல உயிர்கள் போயின. கோச்சி எதுவரை ஓடுகிறது என்று புறப்படுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பஸ்.

வரும்போது தோட்டத்தின் பெயரை இரண்டு விதமாகவும் எழுதிக்கொண்டு வாருங்கள். துரைமார் வைத்த இங்கிலீஷ் பெயர் ஒன்று, நம் சனங்கள் சொல்கிற தமிழ்ப் பெயர் இன்னொன்று. பஸ் கண்டக்டருக்கு ஒன்று தெரியும், லயத்துக் கிழவிக்கு மற்றது தெரியும். எந்த டிவிஷன், கங்காணி யார், பக்கத்தில் பள்ளிவாசலா கோயிலா, ஆறு உண்டா என்று அத்தா சொன்னதாக நினைவிருப்பதையெல்லாம் குறித்து வையுங்கள். தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போய்விட்டன. ஆபீசில் பழைய பேரேட்டைக் கேட்பதைவிடக் கடைத்தெருவில் வயதான ஒருவரைக் கேட்பது மேல். லாத்தாவுக்கு வழி சொன்னது பசறைக் கடைத்தெருவில் தேங்காய் விற்கிற ஒரு சிங்களப் பெரியவர். மையவாடியில் கபுரின் மீசான் கல் இல்லை. ஆனால் எந்த வரிசை என்று காட்ட ஆள் இருந்தார். லாத்தா அங்கே இருந்த நேரத்துக்கு நாங்கள் கணக்குப் பார்க்கவில்லை. அவரை ஏற்றிப் போகக் கப்பல் எதுவும் காத்திருக்கவில்லை.

எந்த மாதம் வருவது என்று கேட்பீர்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி வேண்டாம். அப்போதுதான் வடகீழ்ப் பருவக் காற்றில் கடல் கொந்தளித்துச் சின்னக் கப்பல் நிற்கும். ஊவாவுக்குப் பெரிய மழையும் அதே மழைதான். கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது 2014 அக்டோபர் 29இல். டிட்வா வந்தது நவம்பரில். கப்பல் ஓடாத காலத்தில் மலையும் நல்லதல்ல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடி, ஆவணியில் வாருங்கள். அப்போது இங்கே கச்சான் காற்று வீசும், வானம் வெளுத்திருக்கும், கொழுந்துக்கு வாசனை ஏறுவதும் அந்த மாதங்களில்தான். பதுளை நகரத்தில் அவ்வளவு குளிர் இல்லை. ஹப்புத்தளை, பண்டாரவளை வழியாக வருவதால் ஒரு கம்பளிச் சட்டை போதும். பதுளை பஸ் நிலையத்திலிருந்து பசறைக்கு இருபது கிலோமீட்டருக்கும் குறைவு. பகலில் அடிக்கடி பஸ் உண்டு, அஸருக்கு முன் ஏறிவிடுங்கள்.